கால் கிலோ போதும்

எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் இரண்டு தாள் ஒட்டியிருக்கும். ஒன்று எனக்கு எழுதிக்கொடுத்தது, இன்னொன்று என் மனைவிக்கு. எனக்குச் சர்க்கரையும் பிரஷரும். அவளுக்குச் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டிலும் ஒரு குறை சொல்ல முடியாது. சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்றை ஒன்று வெட்டும். என் தாளில் கீரை தினமும் வேண்டும். அவள் தாளில் கீரைக்கு நேரே பெருக்கல் குறி. எனக்குப் பயறும் சுண்டலும் தாராளம், அவளுக்கு அளந்து. எனக்கு அரிசியைக் குறைத்துத் தவிட்டோடு இருக்கும் தானியத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு வெள்ளைச் சோறு பரவாயில்லை, தவிட்டில்தான் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம் என்கிறார்கள். இளநீர் எனக்கு எப்போதாவது ஒன்று குடிக்கலாம். அவளுக்கு ஆகவே ஆகாது.

காரணத்தை ஹைகிரவுண்டில், அதாவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஒரு இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நாம் தின்னும் காய், பழம், கீரை எல்லாவற்றிலும் பொட்டாசியம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. அது ரத்தத்தில் தங்கி ஏறினால் இருதயத் துடிப்பே தடுமாறும். ரத்தத்தில் ஐந்துக்குள் இருக்க வேண்டியது அவளுக்கு அன்றைக்கு ஐந்தரையைத் தாண்டியிருந்தது. "காய்கறி சாப்பிடுறது நல்லதுதானே சார்?" என்று கேட்டேன். "உங்களுக்கு நல்லது" என்றார்.

உணவுத்தாள் எழுதுகிறவர்கள் ஒரு ஆளுக்கு எழுதுகிறார்கள். வீட்டில் உலை ஒன்று, பை ஒன்று, பையைத் தூக்குகிறவனும் ஒருவன்.

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ்ஸில் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று எழுதியிருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1997-ல் பெயர் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மாறியது; தோல்பை மாறவில்லை. 58 வயதில், 2016-ல் அதைக் கழற்றி வைத்தேன். எங்கள் டிப்போவில் சுகர் இருப்பவனை யாரும் விசாரிப்பதில்லை, இல்லாதவனைத்தான் விசாரிப்போம். இரண்டு சிங்கிள் ஓட்டம் முடித்து இறங்கினால் மதியச் சாப்பாடு நாலு மணிக்கு. டீயும் வடையும் காலையிலிருந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இரவு டியூட்டி என்றால் புரோட்டா. சிறுநீர் கழிக்கக்கூட அடுத்த பஸ் ஸ்டாண்ட் வரவேண்டும். இப்படி ஓடிய உடம்பிடம் அறுபதுக்கு மேல் போய் நேரத்துக்குச் சாப்பிடு என்றால் அது என்ன செய்யும்?

வேலையில் இருந்தவரை வீட்டுக்கு வேண்டிய காய்கறி, பலசரக்கு எல்லாம் அவள் பாடு. அவளுக்கு முழங்கால் போன பிறகுதான் பை என் கைக்கு வந்தது. அதுவரை காய்கறிச் சந்தை எனக்குப் பின்படிக்கட்டில் ஏறும் மூட்டையாகத்தான் தெரியும். சேர்ந்தமரம், வீரசிகாமணி பக்கமிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸில் கத்தரிக்காய்ச் சாக்கும் கீரைக் கூடையும் வரும். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். பிறகு எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கும் ஒன்று வந்தது. சந்தைக்குப் போகும் விவசாயிகளின் மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் வேண்டாம் என்று உத்தரவு. அதற்கு முன்னால் ஒரு மூட்டைக்கு டிக்கெட் வாங்கினால் இன்னொரு மூட்டை சீட்டுக்கு அடியில் பதுங்கியிருக்கும், எனக்கும் அந்த அம்மாக்களுக்கும் தினமும் வாக்குவாதம். அந்த அம்மாக்களில் சிலர் இன்னும் அங்கே கடை போடுகிறார்கள். ரிட்டையரான பிறகு முதன்முதலில் பையோடு போய் நின்றபோது ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கண்டக்டர் அண்ணாச்சி, லக்கேஜ் போட வந்தியளா?"

சந்தை முழுக்கச் சிரித்தது.

உழவர் சந்தையில் விலைப் பேச்சு கிடையாது. மொத்த விலைக்கும் வெளிக்கடை விலைக்கும் நடுவில் ஒரு விலையை அதிகாரிகள் காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள். படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் விற்கலாம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அங்கே பிடித்தது வேறு. கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அரைக் கிலோவும் ஒரு கிலோவும் போதாது. இரண்டு கிழடுகள், அதிலும் ஆளுக்கொரு பத்தியம், என்றால் கணக்கே வேறு. கத்தரிக்காய் நாலு. புடலங்காய் முழுசு வேண்டாம், ஒரு முழம். முட்டைக்கோசு பாதி. சுரைக்காய்தான் அவளுக்கு மிகவும் தோதான காய். நீர்க்காய்களில் பொட்டாசியம் குறைவு என்பதால் சுரை, புடலை, பீர்க்கு மூன்றுமே அவள் தாளில் முதல் வரிசை. ஆனால் முழுச் சுரைக்காய் வாங்கினால் மூன்று நாளைக்குச் சுரைக்காய். நாலாம் நாள் நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து முகத்தைத் திருப்புவேன், அவள் அதைப் பார்த்துக் கோபப்படுவாள். சந்தையில் சேர்ந்தமரத்து அம்மா ஒருத்தி காயை நடுவில் வெட்டித் தருவாள். வெட்டும் முன் நகத்தை வைத்து அழுத்துவாள்; நகம் இறங்கினால் பிஞ்சு. இறங்காவிட்டால் அவளே ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுப்பாள். மீதிப் பாதியை யார் தலையிலாவது கட்டிவிடுவாள், அது அவள் சாமர்த்தியம்.

காயை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வேலை முடியவில்லை. அவளுக்கு உரியதைத் தனியாகச் சின்னச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். முதல் தடவை அந்தத் தண்ணீரைக் கொட்டச் சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். காய் வேகவைத்த தண்ணீரை ரசத்தில் விட்டு, பருப்புத் தண்ணீரைத் தனியாக எடுத்துப் பிள்ளைகளுக்குச் சோற்றில் பிசைந்து வளர்த்தவள். "சத்து பூரா சாக்கடைக்கா?" என்றாள். அவளுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. இப்போதும் அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாமல் பின்னால் நிற்கும் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் கொண்டுபோவாள், ஆறவைத்து. செடி நன்றாகத் தழைக்கிறது.

ஆனால் சந்தையை விட்டு வெளியே வந்தால் இலவச வைத்தியர்கள் காத்திருப்பார்கள். சிறுநீரகம் என்று சொன்ன மறு நொடி "வாழைத்தண்டு சாறு குடிக்கச் சொல்லுங்க" என்பார்கள். சொல்கிறவர்களின் அன்பில் சந்தேகமில்லை. கல்லடைப்புக்காரர்கள் குடித்துக் குணமானதாகக் கேட்டிருப்பார்கள். ஆனால் வாழைத்தண்டில் பொட்டாசியம் ஏகப்பட்டது. கல் இருப்பதும் சிறுநீரகமே தளர்ந்திருப்பதும் வேறுவேறு நோய் என்று நானும் தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை எத்தனையோ பேரிடம் விளக்கிவிட்டேன். இப்போதெல்லாம் "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு நடப்பது.

இதில் இன்னொன்று கருப்பட்டி. சுகர்காரன் காப்பியில் சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்பது எங்கள் வட்டாரத்தில் வேதவாக்கு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதன் மணத்துக்கும் ருசிக்கும் நானும் அடிமைதான். ஆனால் குறியீடு கொடுத்தவர்கள் அது சுகரை ஏற்றாது என்று எழுதித் தரவில்லை. சாப்பிட்டுவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சீனிக்கும் கருப்பட்டிக்கும் அப்படியொன்றும் பெரிய வித்தியாசம் தெரியாது. சங்கரன்கோவில்காரனுக்குத் திசைகளே சோதனை. கிழக்கே கோவில்பட்டி கடலைமிட்டாய், வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, தெற்கே திருநெல்வேலி அல்வா. மேற்கே புளியங்குடியில் மட்டும்தான் எலுமிச்சம்பழம். இந்த நாலு ஊருக்கும் பஸ் ஓட்டத்தில் போயிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் பயணிகள் எதையாவது பிரித்து, "எடுத்துக்கோங்க கண்டக்டர்" என்று நீட்டாமல் இருந்ததில்லை.

பலசரக்குக்கு ரத வீதிப் பக்கம் ஒரு அண்ணாச்சி கடை. என் மாமனார் காலத்திலிருந்து பற்று நோட்டு உண்டு. இப்போது பற்று வைப்பதில்லை, ஆனால் அண்ணாச்சி நோட்டை மூடவில்லை. அதில் ஒரு பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று அவருக்குப் புரிகிற மாதிரி குறித்து வைத்திருக்கிறார். சிட்டையை நீட்டினால் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பார். "மல்லி நூறு, சீரகம் அம்பது, துவரம்பருப்பு கால்... அப்பளம் யாருக்கு?" என்பார். எனக்கு என்றால் ஒரு கட்டு வைப்பார். வீட்டுக்கு என்றால் வைக்க மாட்டார். அப்பளத்தில் உப்பும் உண்டு, அப்பளக்காரமும் உண்டு, இரண்டும் சோடியம்தான். ஊறுகாய், மோர்மிளகாய், வடகம், கருவாடு என்று எங்கள் கரிசல் பக்கத்துச் சாப்பாட்டுக்குத் துணையாக நிற்பதெல்லாம் உப்பில்தான் நிற்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி, தலை தட்டி. ஒரு மாதத்துக்கு எங்கள் இருவருக்கும் முந்நூறு கிராம் என்று அளந்து தனி டப்பாவில் போட்டு வைத்தோம். முதல் மாதம் இருபதாம் தேதிக்கெல்லாம் டப்பா காலி. அதன் பிறகுதான் சாம்பாரில் எலுமிச்சையும் மிளகும் ஏறின.

அண்ணாச்சி ஒருநாள் புதுப் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார். சோடியம் குறைந்த உப்பு. "பிரஷருக்கு நல்லதாம், கேட்டு வாங்கிட்டுப் போறாங்க" என்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பின்பக்கத்தைப் படித்தேன். டிக்கெட் கட்டில் நம்பர் பார்த்துப் பழகிய கண். பொடி எழுத்து என்னை ஏமாற்றாது. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு போட்டிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனமே 2025 ஜனவரியில் இப்படிப்பட்ட உப்பைச் சாதாரண ஜனங்களுக்குப் பரிந்துரைத்தது, ஆனால் சிறுநீரக நோயாளிகளை அதிலிருந்து விலக்கியே வைத்தது. எனக்கு நல்லது செய்யக்கூடியது அவளுக்குத் தீங்கு. ஒரே அடுப்படியில் இரண்டு உப்பு டப்பா இருந்தால் என்றைக்காவது கை மாறும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். அண்ணாச்சி அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் தானும் ஒருதடவை படித்தார், தன் மூத்த அக்காவுக்கு வீட்டில் ஒன்று கொடுத்திருந்தாராம். அன்றைக்குக் கடையை மகனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மெடிக்கல் ஷாப்பும் எனக்குப் பலசரக்குக் கடை மாதிரியே ஆகிவிட்டது. சிட்டையின் கடைசி வரிகள் மாத்திரைகள்தான். பிரஷருக்கும் சுகருக்கும் உள்ள மாத்திரையில் சிலது வீட்டுக்கே வந்துவிடுகிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் பையோடு வருவாள். பிரஷர் பார்ப்பாள், மாத்திரையை எண்ணிக் கொடுப்பாள், "பெரியப்பா, போன மாசத்து அட்டையில மிச்சம் இருக்கே, ஏன்?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஒழுங்காகப் போடுகிறேன்.

என் மனைவியின் சிறுநீரகத்துக்கு என்ன நேர்ந்தது என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பிரஷர் நெடுநாள் தெரியாமலே இருந்திருக்கிறது. ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி மாத்திரை போடுவீங்களா?" என்பது. முழங்கால் வலிக்குப் பல வருஷமாக ஒரு கடையில் 'ரெண்டு வேளைக்கு ஒரு செட்' வாங்கிப் போட்டாள். சீட்டு கேட்க மாட்டார்கள். வெள்ளையில் ஒன்று, ஆரஞ்சில் ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று. டைக்ளோபினாக், ஐபுபுரூபென் மாதிரியான வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. பிரஷர் உள்ளவர்கள் வருஷக்கணக்கில் போட்டால் தாங்காது. எங்கள் ஊர் விசைத்தறி ஊர். தறியடியில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிற கால்கள். சாயங்காலம் எந்த மெடிக்கலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், 'செட்' கேட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று. கீரையில் பொட்டாசியம் இருக்கிறது என்று தாள் எழுதி ஒட்டுகிறோம். இந்தச் செட்டுக்குத்தான் முதலில் ஒரு தாள் ஒட்ட வேண்டும், கடை வாசலில்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த இரண்டு மணி நேரத்தில்தான் நான் மாதாந்திரப் பலசரக்கு வாங்கி வந்துவிடுவேன், நேரம் மிச்சம் என்ற கணக்கு. லேபில் இருந்த பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் ரத்தம் எடுக்க வந்தவன் கையில் பையைப் பார்த்து, "தாத்தா, எங்க போயிட்டு வாறீங்க?" என்றாள். சொன்னேன். "நடந்தா சுகர் எறங்கிரும். ரிப்போர்ட்டு நல்லா வரும், ஆனா அது ஒங்க சாப்பாட்டுக்கு வந்த ரிப்போர்ட்டு இல்ல, ஒங்க நடைக்கு வந்தது" என்றாள். அப்படியென்றால் தினமும் சாப்பிட்டதும் கடைக்குப் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் கேட்டதில் அவர் தாராளமாகப் போங்கள் என்றார். அதிலிருந்து காலைப் பலகாரம் முடிந்ததும் கடைக்குக் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கு உப்பு, நாளைக்குப் புளி. ஒரேயடியாக வாங்கி வந்தால் என்ன என்று அவள் கேட்பாள். அண்ணாச்சியும் கேட்பார். எனக்கு நடைக்கு ஒரு முகாந்திரம் வேண்டும். சும்மா வீதியைச் சுற்றி நடக்க இன்னும் வெட்கமாக இருக்கிறது.

பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது. அதற்கென்று உள்ளே மெத்தென்ற ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு போடுகிறேன். சந்தைக்குப் போகிற வழியில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் எட்டிப் பார்க்காமல் வர மனம் வராது. செருப்பை வெளியே விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பிராகாரக் கல் சுடுவது எனக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால் பருத்திக் காலுறை ஒரு ஜோடி காய்கறிப் பையிலேயே கிடக்கும். கோமதியம்மன் சந்நிதியில் காலுறையோடு நிற்கிற கண்டக்டரைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள், இப்போது அது எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். புற்றுமண் பிரசாதத்தை அவள் வாயில் போட்டுக்கொள்வாள் சின்ன வயசிலிருந்து. டாக்டரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள்: நெற்றிக்கு மட்டும்.

தானியம் விஷயத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல். குதிரைவாலியும் கம்பும் சோளமும் எங்கள் கரிசலின் ஏழைச் சோறு. நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்று என் அம்மா சொல்வாள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் அதே குதிரைவாலி பளபளக்கும் பாக்கெட்டில் ஏறி, அரிசியைவிட மேலான விலைக்குப் போய்விட்டது. விலை போகட்டும். அதை மாவாக்கி, கஞ்சியாக்கி, பிஸ்கட்டாக்கிச் சுகருக்கு நல்லது என்று விற்பதுதான் பிடிக்கவில்லை. முழுத் தானியமாக, பதமாக வடித்து அளவோடு தின்றால் சர்க்கரை மெதுவாக ஏறும். மாவாக்கிக் குழைத்துக் குடித்தால் விறுவிறுவென்று ஏறத்தான் செய்யும். எவ்வளவு, எப்படி என்பதை விட்டுவிட்டு எது என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறோம். நான் அண்ணாச்சியிடம் குதிரைவாலி அரைக் கிலோ வாங்கினால் மாதம் ஓடும். அதில் அவளுக்குப் பங்கில்லை.

ரேஷன் கடைக்கும் நான்தான் போவேன். மானிய விலையில் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியில் வாங்கினால் என்ன ஆகும் என்று பென்ஷன்காரனுக்குச் சொல்ல வேண்டாம். அங்கே என் தகராறு விரலோடு. மெஷினில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழாது. வருஷக்கணக்கில் டிக்கெட் கிழித்து, காசை எண்ணி, வேர்வையில் ஊறிய விரல். நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது. துடைத்து வை, ஈரம் தொட்டு வை, ஆள்காட்டி விரலை வை என்று பின்னால் வரிசையே யோசனை சொல்லும். பத்து விரலும் தோற்ற நாட்கள் உண்டு. இப்போது கண்ணைக் காட்டினால் போதும், கருவிழிக் கருவி வந்துவிட்டது. அரிசி வாங்கும்போது புதிதாக வந்தவர்கள், "இதுல பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கு, தண்ணியில மிதக்குது" என்று பொறுக்கி எறிவார்கள். அது செறிவூட்டிய அரிசி. இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்து நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. நான் பொறுக்குவதில்லை.

எதிர்வீட்டு ஆச்சிக்கு 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் பொருள் வாசலுக்கே வருகிறது. தொடங்கியபோது 70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று அறிவித்தார்கள். ஆச்சிக்குச் சந்தோஷம்தான், ஆனால் "கடையில நாலு பேரப் பார்ப்பேன், அதும் போச்சு" என்று ஒரு நாள் சொன்னாள். அவளால் நடக்க முடியாது, வண்டி வராவிட்டால் பட்டினி. இரண்டும் உண்மைதான்.

எங்கள் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வந்தால் ஊரில் கடைக்குப் போவது என்பதே கிடையாது. ஊர் முழுக்க ஜனம். சுவாமி சங்கரனாகவும் நாராயணராகவும் சேர்ந்து காட்சி தருவதைப் பார்க்கத் தெற்கு ரத வீதியில் கால் வைக்க இடமிருக்காது. தபசுக் காட்சியின்போது விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தி, வத்தல், கம்பு, காய்கறி என்று அள்ளிச் சூறை விடுவார்கள். வேலையில் இருந்த காலத்தில் அது எனக்கு ஸ்பெஷல் பஸ், கூரைமேல் ஜனம், தூக்கமில்லாத மூன்று நாள். இப்போது அது, முந்தின வாரமே மாத்திரையும் காயும் வாங்கி வைத்துவிட வேண்டிய நாள். போன தபசுக்கு மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். ஊருக்குப் போனதும் போனிலேயே ஆர்டர் போட்டுவிட்டாள்: பருப்பு ஐந்து கிலோ, கொண்டைக்கடலை இரண்டு கிலோ, டயபெடிக் என்று எழுதிய பிஸ்கட் ஒரு பெட்டி, ஓட்ஸ், உலர்ந்த பழம். எல்லாம் அன்போடு வாங்கியது. பாதி எனக்கு ஆகாது, முக்கால்வாசி அவளுக்கு ஆகாது. கடலையையும் பருப்பையும் அண்ணாச்சி எடுத்துக்கொண்டு பற்று நோட்டில் வரவு எழுதினார், அந்த நோட்டில் எங்கள் பக்கம் வரவு ஏறியது அதுதான் முதல்முறை. பிஸ்கட்டை டிப்போவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீ நேரத்தில் தீர்ந்துவிட்டதாம்.

சமீபத்திய ரிப்போர்ட்டில் அவளுக்குப் பொட்டாசியம் ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. டாக்டர் சந்தோஷப்பட்டு, எப்போதாவது ஆசைப்பட்டதை அளவாகச் சாப்பிடலாம் என்றார். அவள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டுவிட்டாள், கூட்டாஞ்சோறு. அரிசி, பருப்பு, கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில். இரண்டு தாளையும் ஒரே நேரத்தில் மீறுவதற்கென்றே யாரோ கண்டுபிடித்த சோறு. மறுநாள் சந்தைக்குப் போனேன். கத்தரிக்காய் நாலு, முருங்கைக்காய் ஒன்று, மாங்காயில் ஒரு கீற்று, வாழைக்காய் ஒன்று, கீரை ஒரு பிடி என்று கேட்டேன்.

"கூட்டாஞ்சோறா அண்ணாச்சி?" என்றாள் சேர்ந்தமரத்து அம்மா.

"ஆமா."

"மைனிக்குமா?"

"டாக்டர் சொல்லிட்டாரு."

"கீரையும் வாழைக்காயும் சேத்து சொன்னாரா?"

அப்படித் துருவிக் கேட்கவில்லை என்றேன். தராசிலிருந்து வாழைக்காயை எடுத்துக் கீழே வைத்தாள். கீரைப் பிடியில் பாதியைப் பிரித்தாள். அந்த இடத்தில் இரண்டு கத்தரிக்காயை எடுத்துப் போட்டு, "நறுக்கிக் கொதிக்கவச்சு தண்ணிய கொட்டிட்டுப் போடச் சொல்லுங்க. கீரைய ஒங்க தட்டுல மட்டும் போட்டுக்கோங்க" என்றாள். வாழைக்காய் இல்லாமல் என்ன கூட்டாஞ்சோறு என்று கேட்டுப் பார்த்தேன். அடுத்த ஆள் பையை நீட்டிவிட்டார், அவள் அவருக்கு நிறுக்கத் தொடங்கிவிட்டாள்.